டைரக்ட்

பிந்து செய்த கருவிக்கு ஒரே வேலைதான். ஆளைக் கொல்லும் நிலையில் மோட்டார் இருந்தால் அதை ஓடவிடாமல் தடுக்க வேண்டும். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. செய்த குற்றத்துக்காக, "கருவி இயங்கவில்லை" என்று எழுதி ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். மீதி மூன்று பேர் அந்த ஆறு பேருக்கும் பட்டம் வாங்க வழிகாட்டியவர்கள்.

பிந்துவுக்கு முப்பத்தெட்டு வயது. பத்து வருடம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைந்துவிட்டு, இப்போது துடியலூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மோட்டாரை இயக்கும் பேனல் பெட்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன ஐப்பசியில் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பேனல் பார்க்கப் போயிருந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் கூட்டமாக இருந்தது. வேலன் என்கிறவர் காலையில் மோட்டார் போடப் போய், ஸ்டார்ட்டர் பெட்டியின் தகரத்தைத் தொட்டவர், தொட்டபடியே விழுந்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு பிந்து அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச் ஒன்று இருந்தது. புது சுவிட்ச், நல்ல சுவிட்ச். அதன் தலையைச் சுற்றி ஒரு சிவப்பு வயர் ஓடியது. ஈரம் பட்டபோதெல்லாம் அந்த சுவிட்ச் விழுந்து, மோட்டார் நின்று தொலைத்ததால், யாரோ அதற்கு டைரக்ட் கொடுத்திருந்தார்கள். கொங்கு நாட்டில் எது ஓடாமல் நின்றாலும் கடைசி மருந்து இதுதான். எது தடுக்கிறதோ அதைத் தாண்டி ஒரு வயரைப் போட்டுக் கரண்டை நேராகக் கொண்டுபோய்விட வேண்டியது. "டைரக்ட் குடுத்துப்போட்டேன், இனி ஓடுமுங்க" என்று சொல்லிவிட்டு எலெக்ட்ரீஷியன் வண்டியைக் கிளப்பிவிடுவார். ஓடவும் செய்யும்.

வேலனின் மனைவி பாவாத்தாள் இப்போது அதே மோட்டாரை அதே பெட்டியில் தினமும் போடுகிறாள். புருஷன் செத்ததால் தோட்டத்து வேலை நின்றுவிடுமா என்ன. ஒரு பலகை மேல் ஏறி நின்று, காய்ந்த மூங்கில் குச்சியால் பச்சைப் பொத்தானை அழுத்துவாள்.

"மழை புடிச்சா குச்சியும் நனைஞ்சு போகுமல்லங்க அம்மணி?" என்று அவள் பிந்துவிடம் கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டாள்.

அடுத்த ஐப்பசிக்குள் ஒரு கருவி செய்து தருகிறேன் என்று பிந்து அவளிடம் சொல்லிவிட்டாள். சொல்வது சுலபமாக இருந்தது.

முதல் போர்டைத் துடியலூரில் தன் வீட்டுக் கிணற்றில் மாட்டினாள். நாலாம் நாள் ஒரு பல்லி இரண்டு முனைக்கும் நடுவில் படுத்து, தானும் கருகி, போர்டையும் கருக்கியது. இரண்டாவது போர்டில் எறும்பு குடியேறியது. மூன்றாவதில் ஒரு விசித்திரம். கரண்டை வெட்டி இணைக்கும் ரிலே சடக்கென்று இழுக்கும்போதெல்லாம் போர்டின் மூளை அதிர்ச்சியில் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். அதைக் கண்டுபிடிக்க ஏழு வாரம். நாலாவதில் போட்ட ரிலே போலிச் சரக்கு. ஈரக் கையால் தேய்த்ததும் கம்பெனிப் பெயர் விரலோடு வந்துவிட்டது. ஐந்தாவது போர்டு தாக்குப்பிடித்தது. சும்மா ஈரம் பட்டதற்கெல்லாம் அது விழாது. பெட்டிக்குள் கரண்டைக் கண் இமைக்கும் நேரம் விட்டுப் பார்க்கும். தகரத்தில் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஒழுகினால் மட்டும் வெட்டிவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தும். வீணாக விழாத கருவிக்கு யாரும் டைரக்ட் கொடுக்கமாட்டார்கள் என்பது பிந்துவின் நம்பிக்கை. பாவம், விவசாயிகளை மட்டுமே மனதில் வைத்து நம்பியிருந்தாள்.

வேலன் வேலை பார்த்த தோட்டத்தின் சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தியிடம் கொண்டுபோனாள். அவர் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சீல் இல்லாத பொட்டிய நான் எப்படீங்க மாட்டறது? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னையத்தான கேப்பாங்க?"

வேலன் செத்தபோது அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிந்துவும் அதைச் சொல்லவில்லை. சீல் வாங்கப் போனாள்.

ஒப்புதல் சீல் தரும் இடத்துக்குப் பெயர் வன்பொருள் புத்தாக்க உந்துதல் மையம். கோயமுத்தூருக்கு வெளியே, கண்ணாடியால் ஆன ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் ஆளுயரக் கல்வெட்டு. அதில் மையத்தைத் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று நாற்பத்தோரு பெயர்கள். உள்ளே போனதும் சாய்சரண் என்கிற புத்தாக்க ஒருங்கிணைப்பாளர் அவளை வரவேற்றார்.

"நீங்க ப்ரோட்டோடைப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று அவர் கொஞ்சம் கலவரமாகக் கேட்டார். "வழக்கமா அது கடைசியிலதானுங்க வரும். மொதல்ல லோகோ இருக்குதுங்களா?"

லோகோ இல்லை. பதினொரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்று நிமிடத்தில் தன் கதையைச் சொல்வது எப்படி, சொல்லும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். வேலன் செத்த இடத்தில் இரண்டு நொடி நிறுத்தினால் நன்றாக எடுபடும் என்று பயிற்சியாளர் குறித்துக் கொடுத்தார். பிந்துவுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. ஐப்பசிக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

மையத்தின் ஆய்வுக்கூடத்தில், ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்ன் இருபது இருந்தன. இருபதும் பிரிக்காத உறையில். சால்டர் வைத்தால் புகை வரும், புகை வந்தால் கூரையில் இருக்கும் தீயணைப்புக் கருவி தண்ணீரைக் கொட்டிவிடும் என்பதால் அங்கே சால்டரிங்குக்குத் தடை.

"அப்பறம் போர்டுல ஒரு பார்ட்டை மாத்தோணும்னா எப்படீங்க சார்?"

"அதுக்கு ஒரு கமிட்டி போட்டிருக்கறோமுங்க. சூடில்லாத சால்டரிங் இருந்தா பரிசீலிக்கலாம்னு போன கூட்டத்துல தீர்மானம் ஆயிருக்குது."

மூலையில் ஒரு ஆஸிலோஸ்கோப் இருந்தது. கரண்டின் நடத்தையைக் கோடாக வரைந்து காட்டும் அந்தக் கருவியை பிந்து ஆசையோடு பார்த்தாள். அவளிடம் இருப்பது கையால் தட்டினால்தான் கோடு போடும். இது கண்ணாடிக் கூண்டுக்குள், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியபடி இருந்தது. திரையில் பச்சைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து அழகாக ஓடியது. என் போர்டை இதில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சாய்சரண் பதறிப்போனார். "திறப்பு விழா அன்னைக்கிருந்து ஓடுற அலைங்க மேடம் இது. நீங்க எதையாச்சும் மாட்டுனா கலைஞ்சு போகுமல்லங்க?"

ஆவணி மாதம் மதிப்பீட்டு நாள் வந்தது. மேடையில் மாதிரித் தோட்டம் ஒன்று அமைத்திருந்தார்கள். பச்சைக் கம்பளம், பிளாஸ்டிக் வாழை, நிஜமான மோட்டார், நிஜமான ஸ்டார்ட்டர் பெட்டி. மோட்டார் ஓடினால் நடுவில் ஒரு நீரூற்று எழும்ப வேண்டும். காலையிலிருந்து அந்த நீரூற்றை ஓட்டி ஓட்டி ஒத்திகை பார்த்ததில் தண்ணீர் தெறித்து ஸ்டார்ட்டருக்குள் இறங்கியிருந்தது. ஒழுகும் கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் குழியோ வாசல் கல்வெட்டுக்கு அடியில் போய்க் காய்ந்து கிடந்தது. நாற்பத்தோரு பெயரை நகர்த்தி அதற்குத் தண்ணீர் ஊற்ற யாருக்குத் தைரியம் வரும்.

பிந்து தன் கருவியை மாட்டி மெயினைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கருவி கத்தியது. மோட்டார் அசையவில்லை.

பெட்டியில் தண்ணீர் இறங்கியிருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்து மாத உழைப்பு ஒன்பது நிபுணர்களுக்கு முன்னால் நிஜமான ஆபத்து ஒன்றைப் பிடித்துக் காட்டிவிட்டது. இதைவிட நல்ல பரீட்சையை யாரும் வைத்திருக்க முடியாது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், இந்தப் பொட்டித் தகரத்துல கரண்டு இருக்குதுங்க. அதனாலதான் போட விடமாட்டேங்குது" என்றாள்.

மையத்தின் டைரக்டர் முனைவர் மோகன்குமார் முதல் வரிசையில் இருந்தார். "கரண்டு இருந்தாத்தான மேடம் மோட்டார் ஓடும்?" என்றார் பொறுமையாக.

"இது தகரத்துல இருக்குதுங்க சார். தொட்டா ஆள் போயிருவாங்க."

"யாரும் தொடலையே. எதுக்கு மேடம் நெகட்டிவா பேசறீங்க? படிவத்துல ஒரே கேள்விதான். கருவியை மாட்டுனதும் மோட்டார் ஓடுச்சா, இல்லையா?"

ஓடவில்லை. ஒன்பது பேரும் "இயங்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால்கூடத் தேவலை. ஆனால் மையத்துக்கு அந்த வருட இலக்கு முப்பது வெற்றிகரமான கருவிகள். பிந்துவினுடையது முப்பதாவது. இருபத்தொன்பதும் செல்போனைத் தட்டினால் விளக்கெரியும் வகை. டைரக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மையத்து எலெக்ட்ரீஷியன் ராமுலுவைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். ராமுலு இருபது வருட அனுபவஸ்தர். பிந்து சாய்சரணிடம் வாதாடிவிட்டுத் திரும்புவதற்குள் கருவியைத் திறந்து, ஒரு சாண் வயரை முனைக்கு முனை வைத்துத் திருகி, மூடியையும் போட்டுவிட்டார்.

"டைரக்ட் குடுத்துப்போட்டேனுங்க அம்மணி, இனி ஓடுமுங்க" என்றார். உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

மோட்டார் ஓடியது. நீரூற்று எழும்பியது. அரங்கம் கை தட்டியது. பிந்து "மெயினை இறக்குங்க" என்று கத்தியது கை தட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. ஒன்பது பேரும் படிவத்தில் "இயங்கவில்லை"யை அடித்து "இயங்கியது" என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டார்கள். டைரக்டர் மேடையேறிப் பேசினார்.

"பல பேர் கேக்கறாங்க, இந்த மையம் என்ன செய்யுதுன்னு. இன்னைக்குக் கண்ணால பார்த்தீங்க. ஓடாத ஒரு கருவியை நாங்க அஞ்சு நிமிஷத்துல ஓட வெச்சிருக்கறோம். இங்க எங்களுக்குத் தடைங்கற வார்த்தையே கெடையாது. எது தடுத்தாலும் அதைத் தாண்டிப் போறதுதான் எங்க கொள்கை."

இதைவிடத் தெளிவாக அந்த மையத்தைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது.

பத்து நாளில் சீல் வந்தது. சான்றிதழில் ஒரு நிபந்தனை இருந்தது. அரக்கு வைத்து மூடிய மாதிரிக் கருவி எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இனிச் செய்கிற எல்லாக் கருவிகளும் இருக்க வேண்டும், எதையாவது மாற்றினால் ஒப்புதல் ரத்து. மையத்திலேயே வைத்துக்கொண்ட அந்த அரக்கு வைத்த கருவிக்குள் ராமுலுவின் வயர் இருந்தது. பிந்து டைரக்டரின் அறைக்கு ஓடினாள்.

"சார், அந்த வயரை எடுத்துப்போட்டாத்தான் அது கருவி. அது இருக்கறவரைக்கும் வெறும் டப்பாதானுங்க."

"வயரை எடுத்தா ஓடாதே மேடம். நீங்களே பார்த்தீங்களல்ல?"

"ஓடக்கூடாதுன்னுதானுங்க சார் அதைச் செஞ்சதே."

டைரக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வயருக்கு "நேரடி இணைப்பு நுட்பம்" என்று பெயர் வைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் ஒன்பது முனைவர்களின் பெயர் வரிசையாக இருந்தது. ராமுலுவின் பெயர் இல்லை. பிந்துவின் பெயர் கடைசியில், உதவி என்ற தலைப்பின் கீழ் இருந்தது. மறுமதிப்பீடு வேண்டுமானால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம் என்றார்.

அவள் அந்தச் சான்றிதழைக் கொட்டகையில் ஒரு மூலையில் போட்டுவிட்டு, இனி அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று இருந்தாள். ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் காலையில் பாவாத்தாளிடமிருந்து போன் வந்தது.

"அம்மணி, உங்க பொட்டி எங்க தோட்டத்துக்கு வந்திருச்சுங்க. மையத்துக்காரங்களே கொண்டாந்து மாட்டிப்போட்டாங்க. சீல் வெச்ச பொட்டியாமுங்க. டைரக்டர் மத்தியானம் வாராராம், நான்தான் சுவிட்ச் போட்டுத் தொடங்கி வெக்கோணுமாம். இனிக் குச்சியெல்லாம் எதுக்குன்னு தோட்டத்துக்காரர் ஒடிச்சு அடுப்புல வெச்சுப்போட்டாருங்க." அவள் குரலில் பெருமை இருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுபோட்டீங்க."

"அக்கா, நான் வார வரைக்கும் எதையும் தொடாதீங்க. யார் சொன்னாலும் தொடாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் பிந்து வண்டியை எடுத்தாள். காங்கேயம் தாண்டும்போது தூறல் விழுந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் டைரக்டர் மேல் பாதியும், பத்து மாதத்தில் கருவியின் உள்ளே யாரும் கை வைக்க முடியாதபடி மூடத் தெரியாமல் போன தன் மேல் பாதியும் இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது பேனர் கட்டியாகிவிட்டது. டைரக்டர் குடைக்கடியில், பளபளக்கும் ஷூவோடு நின்றார். போட்டோக்காரர் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ராமுலு மெயினைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். பாவாத்தாள் நல்ல சேலை கட்டி, வெறுங்காலோடு சேற்றில் நின்றாள்.

"வாங்க அம்மா, உங்க கையால தொடங்கி வையுங்க" என்றார் டைரக்டர்.

மறுக்க முடியாமல் பாவாத்தாள் கையை நீட்டுவதற்கும் பிந்து இடையில் வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. பிந்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ராமுலு அண்ணா, பொட்டியில டெஸ்டரை வெச்சுப் பாருங்க" என்றாள்.

ராமுலு சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தகரத்தில் வைத்தார். டெஸ்டர் நன்றாக எரிந்தது. அவர் அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் வைத்தார். மறுபடியும் எரிந்தது.

"லேசா ஒழுகுதுபோல" என்றார் டைரக்டர். "ஷூ போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது."

எல்லோரும் பாவாத்தாளின் காலைப் பார்த்தார்கள்.

பிந்து மெயினை இறக்கினாள். அரக்கு சீலை உடைத்து, மூடியைத் திறந்து, ஒன்பது முனைவர்கள் கண்டுபிடித்த வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தாள். மறுபடியும் மெயினைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்து கருவி கத்தியது. இப்போது ராமுலு டெஸ்டரை வைத்தபோது அது எரியவில்லை.

"பார்த்தீங்களா, ஓடலை" என்று டைரக்டர் போட்டோக்காரரிடம் சொன்னார். பிறகு ராமுலுவின் பக்கம் திரும்பினார். "நேரமாகுது. டைரக்ட் குடுங்க."

ராமுலு கீழே கிடந்த வயரை எடுத்தார். அதை விரலில் சுற்றினார்.

"குடுக்கறேனுங்க சார்" என்றார். "நீங்க சித்த ஷூவைக் கழட்டிப்போட்டு வந்து, இந்தப் பொட்டிய ஒரு கையில புடிச்சுக்குங்க. உடனே குடுத்தர்றேன்."

டைரக்டர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தொடங்கி வைப்பது பயனாளிதான், டைரக்டர் தொடுவதற்கு விதியில் இடமில்லை என்றார். இன்னொரு கூட்டம் இருப்பதாகவும் சொன்னார். கார் போன பிறகு பேனரைக் கழற்றக்கூட ஆள் இல்லை.

ராமுலு போகவில்லை. ஸ்டார்ட்டரைப் பிரித்து, எலி கடித்திருந்த ஒரு வயர் தகரத்தில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, அதை மாற்றினார். அரை மணி நேர வேலை. வேலன் செத்து ஒரு வருடமாக அந்த அரை மணி நேரத்தை யாரும் செலவு செய்திருக்கவில்லை. மெயினைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. பாவாத்தாள் பொத்தானை அழுத்தினாள், விரலாலேயே அழுத்தினாள். தண்ணீர் வந்தது. பிந்து வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

பன்னிரண்டு நாள் கழித்து மையத்திலிருந்து ஈஸ்வரமூர்த்திக்குக் கடிதம் வந்தது. களத்தில் கருவி இயங்கவில்லை. சீல் உடைக்கப்பட்டதால் ஒப்புதல் ரத்து. கருவியை உடனடியாகக் கழற்றி அனுப்பவும். அவர் கடிதத்தை ஒரு கையிலும் ஸ்க்ரூடிரைவரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பாவாத்தாள் வாய்க்கால் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"சீலு போயிருச்சாமாம் பாவாத்தா. கழட்டச் சொல்லி எழுதியிருக்காங்க" என்றார்.

அவள் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"சரீங்க, கழட்டிக்குங்க" என்றாள். "நாளையிலிருந்து மோட்டார் போடறதுக்கு அந்த டைரக்டரையே காலையில வரச் சொல்லிப்போடுங்க. ஷூ இல்லாம வரச் சொல்லுங்க."

ஈஸ்வரமூர்த்தி ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.